ஏழாம் நம்பர் ஜோடி

எங்க மாமா யாரைப் பாத்தாலும் முதல்ல மூஞ்சியைப் பாக்க மாட்டாரு, காலைத்தான் பாப்பாரு. அக்காவை முதல்முதல்ல பாத்தப்பவும் அப்படித்தானாம். "உங்க அக்கா அஞ்சாம் நம்பர், இடது கால் மட்டும் ஒரு நூல் பெருசு"ன்னு இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவாரு. அன்னைக்கு அவ என்ன கலர் துணி கட்டியிருந்தான்னு கேட்டா திருதிருன்னு முழிப்பாரு.

மாமான்னா என் அக்கா வீட்டுக்காரர், நான் அவருக்குக் கொழுந்தியா. கடைத்தெரு முனையில இருக்குற பெரிய செருப்புக் கடையில ஆம்பளைங்க ஷூ பகுதியில சேல்ஸ்மேன். அதே கடையில பில் போடுற மேசையில நான் உக்காந்திருக்கேன். என்னை அங்க சேத்து விட்டதே அவருதான். ஆக, வீட்டுக்குப் போனாலும் அவரு மூஞ்சி, கடைக்கு வந்தாலும் அவரு மூஞ்சி. என்னைக் 'கல்லாப்பெட்டி'ன்னுதான் கூப்பிடுவாரு. நானும் சும்மா இருப்பேனா? "ஊர்ல உள்ளவன் காலையெல்லாம் பிடிக்கிறீங்க, எங்க அக்கா காலை என்னைக்காவது பிடிச்சிருக்கீங்களா?"ன்னு பத்துப் பேர் முன்னாடி கேட்டு மானத்தை வாங்குவேன். அவரும் சிரிச்சுக்கிட்டே, "உங்க அக்கா கால்ல விழுந்து கிடக்குறது உனக்குத் தெரியலையா"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாரு.

வேலையில அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்து ஸ்டூல்ல உக்காரதுக்குள்ள, மாமா ஸ்டாக் ரூம்ல இருந்து சரியான பெட்டியோட வெளிய வந்திருப்பாரு. மூடியைத் திறப்பாரு, மேல இருக்குற மெல்லிசு பேப்பரை விலக்குவாரு, ஷூ மூக்குக்குள்ள அடைச்சிருக்குற பேப்பர் உருண்டையை ரெண்டு விரலால இழுத்துக் கூடையில போடுவாரு, அப்புறம்தான் ஷூவைக் காலுக்குக் கொண்டு போவாரு. கண்ணு எங்கேயோ இருக்கும், கை மட்டும் அது பாட்டுக்கு அந்தப் பேப்பரை எடுக்கும். போட்டு விட்டதும் முன்பக்கம் பெருவிரலால அமுக்கிப் பாப்பாரு. "விரலுக்கு முன்னாடி கொஞ்சம் இடம் வேணும் சார். சாயங்காலம் ஆனா கால் வீங்கும்." அந்த இடம் இல்லாட்டி விக்க மாட்டாரு. நல்லா இருக்குங்க, இதையே குடுங்கன்னு அவங்களே சொன்னாலும் மாட்டாரு. முதலாளி பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பாரு.

ஊருக்கெல்லாம் இவ்வளவு சொன்ன மனுஷன், தன் காலை ஒரு தடவை அந்த அளவுப் பலகையில வெச்சிருக்கக் கூடாதா? அதை நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு. வாசல் கண்ணாடிப் பெட்டியில காட்சிக்கு வெக்கிற ஷூ எல்லாமே ஏழாம் நம்பர்தான். சின்ன ஷூ கண்ணாடிக்குள்ள பாக்க லட்சணமா இருக்கும், பத்தாம் நம்பரை வெச்சா படகு நிறுத்தின மாதிரி இருக்கும்னு முதலாளி சொல்லுவாரு. வெயில்ல நின்னு நின்னு கலர் ஒரு பக்கம் மங்கினதும், அந்த ஜோடியைக் கடை ஆளுங்களுக்குக் குறைஞ்ச விலையில குடுத்துடுவாங்க. ஏழாம் நம்பர் கால் உள்ளவனுக்கு யோகம். மாமா அந்தக் காலத்துல ஒன்பதாம் நம்பர். அதனால ஏக்கமாப் பாத்துட்டு விட்டுடுவாரு.

அப்புறம் அவருக்கு சுகர் வந்துச்சு. வந்தா என்ன, "உங்க அக்கா பேச்சுல இல்லாத இனிப்பு என் ரத்தத்துல இருக்கு"ன்னு அதையும் ஜோக்காக்கிட்டாரு. மாத்திரையை ஒரு நாள் போடுவாரு, ஒரு நாள் மறப்பாரு. கொஞ்ச வருஷத்துல பாதம் ரெண்டும் எறும்பு ஊறுற மாதிரி இருக்குன்னு ராத்திரியெல்லாம் உரசிக்கிட்டுக் கிடந்தாரு. அப்புறம் அது நின்னு போச்சு. நின்னதும் அவருக்கு ஒரே குஷி. "பாத்தியா, தானா சரியாயிடுச்சு!"ன்னாரு. பாவி மனுஷன், அது சரியாகலை. கால் மரத்துப் போயிருக்கு. எங்களுக்கும் அது அப்பத் தெரியலை.

அந்தச் சமயத்துலதான் அவரு நம்பர் இறங்க ஆரம்பிச்சுது. ஒன்பது லொடலொடன்னு இருக்கு, எட்டே போதும்னாரு. அப்புறம் எட்டும் கழண்டு போற மாதிரி இருக்காம். ஒரு நாள் காட்சிப் பெட்டியில இருந்து இறங்கின ஏழாம் நம்பர் கருப்பு ஷூவை மாட்டிக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு, "கச்சிதம்!"னாரு.

"ஏன் மாமா, வயித்துக்கு மட்டும் வயசாக வயசாக நம்பர் ஏறுது, காலுக்கு இறங்குதா?"ன்னு கேட்டேன்.

"வயசானா கால் சுருங்கும் கல்லாப்பெட்டி. உனக்கு என்ன தெரியும், நீ பில்லைப் போடு."

கால் விஷயத்துல அவரு சொன்னா மறுபேச்சு ஏது? எல்லாரும் நம்பினோம்.

புண்ணைக் கண்டுபிடிச்சது அக்கா. அவ ஸ்கூல் வேன்ல பிள்ளைங்களை ஏத்தி இறக்குற வேலை பாக்குறா. காலையில இருட்டோட போயிடுவா, அதனால துணி துவைக்கிறது சாயங்காலத்துலதான். ஒரு நாள் சாக்ஸைத் தண்ணியில போட்டா தண்ணி பழுப்பாச்சு. மாமாவை உக்கார வெச்சு வலது காலைத் தூக்கிப் பாத்தா, பெருவிரலுக்கு அடியில காய்ப்பு வெடிச்சு, உள்ள செக்கச் செவேல்னு ஒரு குழி. அவ கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க. மாமா மட்டும் நிதானமா, "எங்க? எனக்கு ஒண்ணும் வலிக்கலையே"ன்னு எட்டிப் பாத்தாரு.

ஆஸ்பத்திரியில கால் புண்ணுக்குன்னே தனியா ஒரு அறை. வெளிய நீளமா ஒரு பெஞ்சு, அதுல உக்காந்திருக்குற எல்லாருக்கும் ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல கட்டு. உள்ள ஒரு உயரமான நாற்காலி, அதுக்கு நேரா இழுத்து வளைக்கிற விளக்கு, கால் வெக்க ரெக்சின் தலகாணி. கட்டுப் போடுற நர்ஸம்மா குள்ளமா இருப்பாங்க, குரல் மட்டும் வாசல் வரைக்கும் கேக்கும். டாக்டர் பாத்துட்டுப் போனதும் அவங்கதான் புண்ணைச் சுத்தியிருந்த செத்த தோலையெல்லாம் பிளேடால சீவினாங்க. நான் தலையைத் திருப்பிக்கிட்டேன். மாமா ஏதோ முடி வெட்டிக்கிற மாதிரி உக்காந்திருந்தாரு.

"இப்பக் கண்ணை மூடுங்க. நான் தொடும்போதெல்லாம் தொட்டேன்னு சொல்லுங்க"ன்னாங்க. கையில மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு துண்டு. குதிகால்ல வெச்சு அமுக்கினாங்க, நடுப்பாதத்துல அமுக்கினாங்க, விரல் விரலா அமுக்கினாங்க. மாமா கண்ணை மூடிக்கிட்டுச் சிரிச்ச முகமா உக்காந்திருக்காரு. கடைசியில, "நான் ரெடிம்மா, தொடுங்க"ன்னாரு.

அக்கா வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போயிட்டா.

அதுக்கப்புறம் நர்ஸம்மா தரையில ஒரு வெள்ளைப் பேப்பரைப் போட்டு, அது மேல அவரை நிக்கச் சொல்லி, பென்சிலால பாதத்தைச் சுத்திக் கோடு போட்டாங்க. போட்டுட்டு, அவரு கழட்டி வெச்சிருந்த ஏழாம் நம்பர் ஷூவை அந்தக் கோட்டு மேல வெச்சாங்க. ஷூவுக்கு ரெண்டு பக்கமும் கோடு பிதுங்கி வெளிய நிக்குது. முன்னாடியும் நிக்குது. மாமா குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தாரு. எத்தனை பேருக்கு இதே மாதிரி கோடு போட்டுக் குடுத்த கை அது! அவரு மூஞ்சியில அப்படி ஒரு வெக்கத்தை நான் பாத்ததே இல்லை.

"ஒன்பதரை வரும். அகலமும் சேத்து வேணும்"னு அவரே மெதுவாச் சொன்னாரு.

"உங்களை மட்டும் சொல்லலை, இங்க வர்ற பாதிப் பேர் இப்படித்தான்"னாங்க நர்ஸம்மா. "கால்ல உணர்ச்சி போச்சுன்னா சரியான ஷூ கூட லூஸா இருக்குற மாதிரி இருக்கும். நல்லா நசுக்கினாத்தான் ஷூ போட்டிருக்கோம்னே தெரியும். அதான் ஒவ்வொரு நம்பரா இறங்கியிருக்கீங்க."

காலைக் காப்பாத்திடலாம்னு அவங்கதான் தைரியம் சொன்னாங்க. ஆனா அந்த இடத்துல பாரம் விழவே கூடாது. மருந்தெல்லாம் அப்புறம்தானாம், மிதிச்சுக்கிட்டே இருந்தா எந்தப் புண்ணும் ஆறாதாம். தடிச்ச அடிப்பாகத்தோட, புண்ணுக்கு நேரா குழிச்சு எடுத்த ஒரு அகலச் செருப்பு குடுத்தாங்க. பாத்ரூம் போனாலும் அதோடதான் போகணும். "இனிமே வாழ்நாள் பூரா எந்தச் செருப்பு, ஷூ போட்டாலும் முதல்ல கையை உள்ள விட்டுத் தடவிப் பாத்துட்டுத்தான் காலை விடணும். ஒரு கல்லு கிடந்தாக் கூட உங்க கால் சொல்லாது, கைதான் சொல்லணும்"னாங்க. அக்கா பாடம் படிக்கிற மாதிரி அதை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னா.

வீட்டுக்கு வந்ததும் மாமா அந்த ஏழாம் நம்பர் ஜோடியை நல்லாப் பாலிஷ் போட்டு, வடிவம் கெடாம இருக்க மூக்குல பேப்பரை அடைச்சு, அலமாரி மேல தூக்கி வெச்சாரு. "தூக்கிப் போடுங்க அந்தச் சனியனை"ன்னு அக்கா சொன்னா. "புது ஷூ மாதிரி இருக்கு, யாருக்காவது குடுக்கலாம்"னாரு. கடைக்காரப் புத்தி. தூக்கிப் போட்டிருந்தா எல்லாம் வேற மாதிரி ஆயிருக்கும்.

சொன்னா நம்ப மாட்டீங்க, அதுக்கப்புறம் ரொம்ப ஒழுங்கா இருந்தாரு. மாத்திரை நேரத்துக்கு, சாப்பாடு அளவா. சாயங்காலம் அக்கா அவரு காலைத் தன் மடியில வெச்சு, கைக்கண்ணாடியை அடியில பிடிச்சுக் காட்டுவா. ரெண்டு பேரும் குனிஞ்சு குழி எவ்வளவு மூடியிருக்குன்னு பாப்பாங்க. "இப்ப யாரு யாரு காலைப் பிடிக்கிறாங்க பாத்தியா?"ன்னு என்னைப் பாத்துக் கண்ணடிப்பாரு. கட்டைவிரல் நுழையிற அளவு இருந்த புண்ணு, மிளகு அளவுக்கு வந்துடுச்சு. நர்ஸம்மா முதல் தடவையா சிரிச்சாங்க. இன்னும் கொஞ்சம் பொறுங்க, அவசரப்படாதீங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.

ஆனா அந்தச் செருப்பை மட்டும் அவருக்குப் பிடிக்கவே இல்லை. "இதைப் போட்டா காலே இல்லாத மாதிரி இருக்கு"ன்னு அடிக்கடி சொல்லுவாரு.

பள்ளிக்கூடம் திறக்குற சமயம் வந்துச்சு. எங்க கடைக்கு அதுதான் வருஷத்துலயே பெரிய கூட்டம். முதலாளி போன் பண்ணாரு. "நீங்க வேலை செய்ய வேணாம்யா, சும்மா ஸ்டூல்ல உக்காந்து, இவங்களுக்கு இந்த நம்பர்னு சொன்னாப் போதும்"னாரு. சும்மா உக்காரதுக்கு எங்க மாமா என்ன பொம்மையா? அந்த ஆளுக்கு அது தெரியாதா? தெரிஞ்சுதான் கூப்பிட்டாரு.

அக்கா ஒத்துக்கவே இல்லை. "போனீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்"னு சொல்லிட்டுத்தான் காலையில வேனுக்குப் போனா. அவ ஸ்கூல் மட்டும் முன்னாடியே திறந்துடுச்சு. அவ தலை மறைஞ்சதும் இவரு கிளம்பிட்டாரு.

கூட்டம் மேசையை நெருக்கிக்கிட்டு இருந்தப்ப, மாமா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வர்றாரு. சட்டையை உள்ள விட்டு, தலையைப் படிய வாரி, கால்ல அந்தக் கருப்பு ஏழாம் நம்பர் பளபளன்னு. பில்லைப் போட்டது போட்டபடி எந்திரிச்சு ஓடினேன்.

"மாமா, அந்தச் செருப்பு எங்க?"

"கத்தாத. பையில இருக்கு. செருப்புக் கடையில வேலை பாக்குறவன் அந்தப் படகைப் போட்டுக்கிட்டா தெருவுல வர முடியும்? உக்காந்ததும் மாத்திக்கிறேன்."

"இப்பவே மாத்துங்க. இங்கயே."

"மாத்துறேன் தாயே. உனக்குத் தெரியுமா, இன்னைக்குத்தான் இந்த ஷூ அளவெடுத்துத் தெச்ச மாதிரி பிடிக்குது. ரொம்ப நாளைக்கப்புறம் எனக்கு வலது கால் இருக்குறதே தெரியுது."

அவ்வளவு சந்தோஷமாச் சொன்னாரு. நானே அவரைக் கைத்தாங்கலா ஸ்டூல்ல உக்கார வெச்சு, பையில இருந்து செருப்பை எடுத்து அவரு பக்கத்துல வெச்சுட்டு, அக்காவுக்குப் போன் போட்டேன். வேன்ல பிள்ளைங்க போடுற சத்தத்துல அவளுக்குக் கேக்கலை. முதலாளி என் பேரைச் சொல்லி விரட்டினாரு. மேசைக்குப் போனேன். அப்புறம் எனக்கும் அவருக்கும் நடுவுல அம்மாவும் பிள்ளையுமா ஒரே தலைங்க. அவரு குரல் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. "விரலுக்கு முன்னாடி கொஞ்சம் இடம் வேணும்மா, வளர்ற பிள்ளை." இடையில ஒரு தடவை எட்டிப் பாத்தேன், ஸ்டூல் காலியா இருந்துச்சு. ரெண்டாவது தடவை ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன், மாத்தியாச்சுன்னு பதில் வந்துச்சு. மாத்தலை.

சாயங்காலம் கூட்டம் குறைஞ்சதும் ஸ்டாக் ரூமுக்குப் போனேன். பெட்டிங்களுக்கு நடுவுல தரையில உக்காந்து லேஸை அவுத்துக்கிட்டு இருந்தாரு. "கழட்ட வரமாட்டேங்குது கல்லாப்பெட்டி, கொஞ்சம் இழு"ன்னாரு. இழுத்தேன். சாக்ஸ் நனைஞ்சிருந்துச்சு. ஷூவைக் கவுத்துத் தட்டினேன். ஒண்ணும் விழலை. கையை உள்ள விட்டேன். மூக்குல தட்டையா, அப்பளம் மாதிரி நசுங்கி, சிவப்பா ஊறிப் போய் அந்தப் பேப்பர் உருண்டை.

அக்கா போனதும் கடைக்கு ஓடணும்ங்கிற அவசரத்துல இடது கால் பேப்பரை எடுத்திருக்காரு, வலது கால்ல மறந்துட்டாரு. கையை விட்டுப் பாக்கலை. அது மேலயே காலைத் திணிச்சுக்கிட்டு நாள் பூரா நடந்திருக்காரு. அது நசுக்கினதைத்தான் அளவெடுத்துத் தெச்ச மாதிரின்னு சொல்லியிருக்காரு.

மாமா அந்தப் பேப்பரை என் கையில இருந்து வாங்கினாரு. ஆயிரம் ஷூவுல இருந்து எடுத்துக் கூடையில போட்ட மாதிரி இதைப் போட முடியலை. கையிலயே வெச்சுக்கிட்டு, "உங்க அக்காகிட்ட நான் சொல்றேன். நீ சொல்லாத"ன்னாரு.

அப்படியே ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மறுநாள் நர்ஸம்மா கட்டைப் பிரிச்சுப் பாத்தாங்க. திட்டுவாங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தோம், திட்டலை. "இன்னும் கொஞ்ச நாள்ல மூடியிருக்கும்யா. முழுசா மூடியிருக்கும்"னு மட்டும் சொல்லிட்டு, சாமானைக் கழுவப் போறவங்க மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. தோலுக்கு அடியில சீழ் எலும்பு வரைக்கும் போயிருந்துச்சு. ரத்த ஓட்டமும் கீழ சரியா இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. முதல்ல விரலை எடுத்தாங்க. நிக்கலை. பாதத்துல பாதியை எடுத்துப் பாக்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கும்போதே காய்ச்சல் ஏறிடுச்சு. ஆளா காலான்னு ஆயிடுச்சு. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

முதலாளி ஒரு பை நிறைய ஆப்பிளோட வந்து, "விதி பாத்தீங்களா"ன்னாரு. விதியாம்! என் வாயில என்னென்னமோ வந்துச்சு. மாமாதான் என் கையை அமுக்கினாரு. "அவரு மேல என்ன தப்பு? என் கையில இருந்த வேலையை நான் செய்யலை"ன்னாரு. அப்புறம் அதையே எல்லார்கிட்டயும் சொல்ல ஆரம்பிச்சாரு. பாக்க வந்தவங்ககிட்ட, பக்கத்துக் கட்டில்காரங்ககிட்ட, மாத்திரை குடுக்க வந்த பொண்ணுகிட்ட. "ஒரே ஒரு பேப்பர்மா. கையை விட்டிருந்தா வந்திருக்கும்." கேக்குறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. தலையை ஆட்டிட்டுப் போவாங்க.

இப்ப வீட்டுல இருக்காரு. ஜன்னலோரம் கட்டில், பக்கத்துல வாக்கர். ஜன்னல் வழியாத் தெருவுல போறவங்க காலைப் பாத்துக்கிட்டு இருப்பாரு, ஆனா நம்பர் சொல்றதில்லை. நேத்து கடை முடிஞ்சு வந்து அவரு கட்டில் பக்கத்துல நின்னேன். அக்கா அவரு கால்மாட்டுல உக்காந்து துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. திடீர்னு மாமா முகத்தைச் சுளிச்சாரு.

"என்ன மாமா?"

"வலிக்குது."

"எங்க? தையல் போட்ட இடத்துலயா?"

"இல்லை. கீழ. பெருவிரல்ல."

எடுத்த கால் வலிக்கிற மாதிரி சிலருக்கு இருக்கும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு. சொன்னதைக் கேக்குறது வேற, பக்கத்துல நின்னு பாக்குறது வேற. மாமா தலகாணியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. நெத்தியெல்லாம் வேர்வை. பிளேடு வெச்சுச் சீவினப்பக்கூட சும்மா உக்காந்திருந்தவரு.

"ஷூ இறுக்குது. உள்ள பேப்பர் இருக்கு, குத்துது. யாராவது எடுத்து விடுங்களேன்."

அக்கா மடிச்ச துணியைக் கீழ வெச்சா. போர்வை தட்டையாக் கிடந்த இடத்துல, பாதம் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு கையையும் கொண்டு போயி, லேஸ் அவுக்குற மாதிரி விரலை அசைச்சா. கழட்டுற மாதிரி இழுத்தா. ரெண்டு விரலை உள்ள விட்டு எதையோ எடுத்துத் தரையில போட்டா.

"எடுத்துட்டேங்க"ன்னா.

மாமா மூச்சை விட்டாரு. அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுக்கிட்டே, "இப்ப இவ்வளவு வலிக்கிறது, அன்னைக்குக் கொஞ்சம் வலிச்சிருக்கக் கூடாதா?"ன்னு கேட்டாரு.

கொஞ்ச நேரத்துல மறுபடியும் இறுக்குதுன்னாரு. அக்கா மறுபடியும் குனிஞ்சு முதல்ல இருந்து லேஸை அவுக்க ஆரம்பிச்சா.